கறுப்பு பார்த்தேன்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். காப்பிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தினால் பன்னிரண்டு நிமிடத்தில் பழைய எண்ணெய் போய்ப் புதிய எண்ணெய் ஏறியிருக்கும். ஓஹையோவில் பார்மா ஊர்ச் சாலையோரம் இருக்கும் கடை. மேலே நிற்கிறவன் நான், ரூடி ஹ்லவாட்டி. கீழே குழிக்குள் பெர்னடெட் சோப்சாக், எங்களுக்குப் பெர்னி. பத்தொன்பது வருடமாக அவள் அங்கேதான். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய குரல் தெரியும், முகம் தெரியாது.

முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது, கட்டை உருவம், தொப்பியில் ஒரு விளக்கு, வாயைத் திறந்தால் வம்பு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோவில் கூடத்தில் பொரித்த மீன் வாங்கி வந்து குழிக்குள்ளேயே நின்று சாப்பிடுவாள். "மேல வாடி, மேசை இருக்கு" என்றால், "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு மீன் இறங்காதுடா" என்பாள். இத்தனை வருடம் வண்டிகளோடு புழங்குகிறவள் இரண்டு வருடமாகப் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். கஞ்சத்தனம் என்று நாங்கள் கேலி செய்தோம். சிரித்துக்கொள்வாள். கணினித் திரையில் வரும் வண்டி விவரத்தையும் என்னை உரக்கப் படிக்கச் சொல்வாள். நான் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்து எரிந்து விழுவேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. எண்ணெய் வடிந்ததும் கீழே இருப்பவர் "வடிஞ்சாச்சு!" என்று கத்த வேண்டும். மேலே இருப்பவன் குழியின் விளிம்பில் குனிந்து, தட்டில் விழுந்திருப்பது பழைய கறுப்பு எண்ணெய்தானா என்று பார்த்துவிட்டு "கறுப்பு பார்த்தேன்!" என்று பதில் கொடுக்க வேண்டும். பிறகுதான் கீழே திருகு மூடி இறுகும், மேலே புதிய எண்ணெய் இறங்கும். நான்கு கண் பார்த்தால் தப்பு நடக்காது என்று யாரோ கட்டிய ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கோவிலில் பாதிரியார் சொல்லச் சொல்ல ஆமென் போடுகிற மாதிரி எனக்கு அது வாயில் ஊறிப்போயிருந்தது.

முன்பெல்லாம் ஜெர்மன் வண்டி வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். போன இலையுதிர் காலத்தில் முதலாளி வெர்னன் வாசலில் பெரிய பதாகை கட்டினார்: ஐரோப்பியச் சொகுசுக் கார்களுக்கும் பன்னிரண்டே நிமிடம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வண்டிகளின் அடிவயிறு முழுக்கப் பிளாஸ்டிக் கவசம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பிகூடக் கிடையாது. இயந்திரத்தை ஓடவிட்டு, வண்டியின் திரை சொல்கிறவரை காத்திருக்க வேண்டும்.

"கார் வச்சிருக்கவனுக்கே அதோட வயித்துல என்ன இருக்குன்னு தெரியாது. நமக்குத் தெரியணுமாம்" என்றேன்.

"எல்லாத்துக்கும் வயிறு ஒண்ணுதான். தடவுனா தெரியும்" என்றாள் பெர்னி.

ஒரு வியாழக்கிழமை காலை, வீடு விற்றுக் கொடுக்கும் மிஸஸ் ஆல்ட்மன் தன் வெள்ளை நிற ஜெர்மன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்தரைக்கு ஒரு வீட்டைக் காட்ட வேண்டுமாம். கண்ணாடியைப் பாதி இறக்கி, "சீக்கிரம் ஆகுமாப்பா?" என்றார்.

"காப்பி ஆறுறதுக்குள்ள ஆயிடும் மேடம்."

நான் மேலே வடிகட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல்.

"வடிஞ்சாச்சு!"

"கறுப்பு பார்த்தேன்!"

"மூடி இறுக்கியாச்சு!"

"இறுக்கியாச்சு!"

ஏழு பாட்டில் ஊற்றினேன். மிஸஸ் ஆல்ட்மனை வண்டியைக் கிளப்பச் சொன்னேன். ஓட்ட வேண்டாம், நின்ற இடத்திலேயே ஓடட்டும் என்றேன். சிறிது நேரத்தில் திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. எண்ணெய் அளவு மிக அதிகம், இயந்திரத்தை உடனே நிறுத்தவும்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க மேடம்!"

நான் கத்திய கத்தலில் அவர் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழுதான் ஊற்றினேன். ஏழு காலி பாட்டில்களும் பக்கத்திலேயே நின்றன. பழையது வடியாமல் இருந்தால்தான் இப்படி ஆகும். ஆனால் வடிந்ததே? பெர்னி சொன்னாளே?

படியில் தடதடவென்று இறங்கினேன். குழிக்குள் இறங்கி எத்தனையோ மாதமாகியிருந்தது. எண்ணெய் வடியும் தட்டைப் பார்த்தேன். தட்டு நிறைய எண்ணெய் இருந்தது. தேன் நிறத்தில், அடி தெரியும் தெளிவோடு. அது இயந்திர எண்ணெயே இல்லை, கியர்ப் பெட்டியின் எண்ணெய். அதன் மூடியைத் திறந்து அதைக் காலி செய்திருக்கிறாள். மூன்று மைல் ஓடியிருந்தால் வண்டி நடுச்சாலையில் செத்திருக்கும். புதிதாக வந்தவன்கூட நிறத்தைப் பார்த்த நொடியில் கையை எடுத்திருப்பான். பத்தொன்பது வருடக்காரிக்கு என்ன ஆயிற்று?

அவள் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னடா சத்தம் மேல?"

"பெர்னி, இந்தத் தட்டுல என்ன நிறம் தெரியுது?"

"கறுப்பு. வேற என்ன?"

அவள் தொப்பி விளக்கின் வெளிச்சம் நேராக அந்தத் தேன் நிறத்தின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. விரல்களை அவள் முகத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஆட்டினேன். அவள் திரும்பவே இல்லை.

"உனக்குக் கண்ணு தெரியலயா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "கண் நரம்பு. ரெண்டு வருஷமாச்சு. போனது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இருக்கிறதும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. வெளிய சொன்னா இந்தக் குழிய விட்டு ஏத்திருவாங்க ரூடி. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? நம்ம ஊரு வண்டி எல்லாம் விரலுக்கு மனப்பாடம். எந்த மூடி எங்கன்னு தூக்கத்துலகூடச் சொல்லுவேன். இந்த வண்டிதான் புதுசு."

"அதுக்காக நிறம் தெரியாமயே வேலை செய்வியா? யாராவது செத்திருந்தா?" எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். உண்மையிலேயே குழம்பிப்போன முகம்.

"நிறத்தப் பாக்கத்தான் நீ இருக்கியேடா. ஒவ்வொரு தடவையும் நீ பாத்துச் சொன்னப்புறம்தானே மூடிய வைக்கிறேன். இன்னைக்கும் கறுப்புன்னு சொன்னியே."

என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நான் குனிந்து பார்த்து வருடக்கணக்காகிறது. அவள் கத்துவாள், நான் பதில் கத்துவேன். பெர்னி தப்புச் செய்ய மாட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ரூடி பார்த்துக்கொள்கிறான் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். ஒரு நாளைக்கு இருபது வண்டி. இரண்டு வருடம். நான்கு கண்ணுக்குக் கட்டிய ஏற்பாட்டில் ஒரு கண்கூட இல்லை.

"நான் பாக்கல பெர்னி" என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல. எப்பவுமே பாக்கல."

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை. "ஐயோ மாதாவே" என்று மட்டும் சொன்னாள்.

வெர்னனிடம் இரண்டு பேரும் உள்ளதைச் சொன்னோம். அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தவர் ஐந்து நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. வண்டி நின்ற இடத்தை விட்டு நகராததால் பிழைத்தது. மிஸஸ் ஆல்ட்மனை வேறு காரில் அனுப்பினோம். அன்று மதியமே பதாகை இறங்கியது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. பெர்னிக்குக் குழி இனி இல்லை. முன்வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கலாம் என்று வெர்னன் சொல்லிப் பார்த்தார்.

"வர்றது யாருன்னே தெரியாம எப்படி வரவேற்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தொப்பி விளக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

என் காரில் கொண்டு விடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். வெயிலில் அவளை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு கையால் நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் ஒரு பேருந்து வந்தது.

"நம்பர் என்னடா?"

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு வருவது அவள் ஏறும் எழுபத்தொன்பதுதான்.

"பாத்துச் சொல்லு" என்றாள்.

நடைபாதை விளிம்புக்குப் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். வந்தது ஐம்பத்து மூன்று.

"இது இல்ல பெர்னி" என்றேன்.