புறாவை விரட்டிய ஜிகினா நாடா

ரம்லத் ஏணியோடு போய் நின்றால், கதவைத் திறப்பவர்கள் முதலில் அவளுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

"ஆளு வரலையா?"

"நாந்தேன் ஆளு."

இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. உத்தமபாளையத்தில் பதினோரு வருஷமாக சிசிடிவி மாட்டுகிறாள். எந்த மூலையில் வைத்தால் சந்து முழுக்கத் தெரியும் என்று ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். என்ன பிரயோஜனம்? அந்தக் கேள்வி மட்டும் விட்டபாடில்லை.

அதைக் கேட்காத முதல் ஆள் உமாதேவி. ட்ரோன் கம்பெனி எஞ்சினியர், தேனிக்காரி. திராட்சைப் பந்தலுக்கு அடியில் புகுந்து மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதைப் பறக்கவிட்டுப் பழக்குவதற்காக மார்க்கையன்கோட்டையில் திராட்சைத் தோட்டக்காரர் ஒச்சாண்டியின் குடோனை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

"அக்கா, சுத்திப் பன்னெண்டு கேமரா மாட்டணும். ஆனா இது திருடனைப் பாக்குற கேமரா இல்ல" என்றாள்.

இல்லைதான். அந்தக் கேமரா, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை வீசும். அதைப் பளிச்சென்று திருப்பி அடிக்கிற பொருள்தான் அதற்குத் தெரியும். ட்ரோன் மேல் கோலிக்குண்டு அளவு உருண்டைகளை ஒட்டிவிட்டால், பன்னிரண்டு கேமராவும் அவற்றைப் பார்த்து ட்ரோன் இருக்கும் இடத்தை மயிரிழை பிசகாமல் சொல்லும். அதை நம்பித்தான் ட்ரோன் பறக்கும்.

ஒரே வாரத்தில் மாட்டி முடித்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வருகிறார். ட்ரோன் ஐந்து நிமிஷம் அந்தரத்தில் அசையாமல் நின்றால் இந்தச் சோதனை லேப் இங்கேயே இருக்கும், ரம்லத்துக்கு அதில் நிரந்தர வேலை. நிற்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவள் பழையபடி ஏணியோடு வாசல் வாசலாக நிற்க வேண்டியதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால், கேமரா மேல் புறா! அது உட்கார்ந்து எழுந்தால் கேமரா ஒரு நூல் நகரும். நகர்ந்தால் அத்தனையும் பாழ். ரம்லத்துக்கு வந்ததே கோபம்! தோட்டத்தில் கிளியை விரட்டக் கட்டுவார்களே ஜிகினா நாடா, அதை ஒச்சாண்டியிடம் வாங்கி, கூரையோரத்து ஓட்டைகளில் எல்லாம் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு புறா மிச்சமில்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் குடோனின் முன்னறையில் கம்ப்யூட்டரைத் திறந்த உமாதேவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ட்ரோன் இருக்க வேண்டிய இடத்தில் திரை முழுக்கப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில். கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். சாஃப்ட்வேர் செய்தவனைத் திட்டினாள். மணி ஒன்பதரை.

ரம்லத் குடோனுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். காற்றில் நாடாக்கள் மினுமினுவென்று ஆடிக்கொண்டிருந்தன. யா அல்லாஹ்! திரையில் தெரிந்த அத்தனை புள்ளியும் அவள் கட்டிய நாடாதான்.

பின்னாலேயே வந்த ஒச்சாண்டிக்கும் விளங்கிவிட்டது. "ஏ ஆத்தா, நான் கட்டுனேன்னு சொல்லிக்கிறேன். எனக்கென்ன, வேலையா போகப்போகுது?" என்றார் குரலைத் தாழ்த்தி.

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்! ஆனால் பதினோரு வருஷம் தொண்டை வறளச் சொன்னதை இன்றைக்கு மட்டும் எப்படி விழுங்குவது?

"வேணாம்ணே" என்றவள் நேரே முன்னறைக்குப் போனாள். "மேடம், கெடுத்தது யாருன்னு தேடாதீக. நாந்தேன் ஆளு."

உமாதேவி கையிலிருந்த கேபிளைக் கீழே போட்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சரி, ஏணிய எடுங்கக்கா. நேரமில்ல."

நாடாவெல்லாம் இறங்கியது. புறாவுக்கு என்ன செய்வது? ஒச்சாண்டி தன் திராட்சைக்கு வைத்திருந்த கறுப்பு வலையைத் தூக்கி வந்து ஓட்டைகளை அடைத்தார். அடுத்து, உருண்டைகள் ஒட்டிய குச்சியைக் குடோன் முழுக்க வீசிக்கொண்டே நடக்க வேண்டும். கேமராக்கள் இடத்தை அளந்துகொள்வது அப்படித்தான். ரம்லத் வீசினாள். திரையில் குச்சியோடு ஐம்பது புள்ளிகள் கூடவே நடந்தன.

"அக்கா, உங்க முக்காடு!"

அதிகாரி வருகிறாரே என்று சம்கி வைத்த புதுச் சேலை கட்டியிருந்தாள், மகராசி. ஒச்சாண்டியின் துண்டை வாங்கிச் சம்கி தெரியாமல் சுற்றிக்கொண்டு மறுபடி வீசினாள். அந்தக் கோலத்தில் அவள் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் பெங்களூர்க்காரர் உள்ளே வந்தார்.

ட்ரோன் எழும்பியது. ஐந்து நிமிஷம் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. ரம்லத் மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஆயுத பூஜை. உமாதேவி பட்டுச்சேலை சரசரக்க லேப்புக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு ரம்லத் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், சேலைல ஜரிகை. அங்கனயே நில்லுங்க."

"அக்கா, இது என் லேப்பு!"

"லேப்பு உங்களுதுதேன். ஆளு நானு."