சத்தத்தைக் கேட்டு ஓடியவன்

உங்கள் சித்தப்பாவை முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள் என்று நான் பலமுறை அதட்டியிருக்கிறேன். ஏன் என்று சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு "சித்தப்பா, சித்தப்பா" என்று கத்தினீர்கள். அவன் திரும்பவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது விளையாட்டு வாத்தியார் எங்கிருந்தோ ஒரு மூட்டை பேஸ்பால் சாமான் கொண்டுவந்தார். ஒரு அலுமினிய மட்டை, கொஞ்சம் பந்து, பெரிய பெரிய தோல் கையுறை. கிரிக்கெட் ஆடும் பையன்கள் கையுறையைப் பார்த்து, "ஏன்டா, சோத்துச் சட்டி எறக்கற துணிய எடுத்துட்டு எங்கடா போறீங்க?" என்று கேலி பேசினார்கள். உங்கள் சித்தப்பாவை மைதானத்தின் கடைசியில் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நிற்பவனுக்கு அவுட்ஃபீல்டர் என்று பெயர். பந்து மேலே எழும்பி வரும். அது எங்கே விழும் என்று கணக்குப் போட்டு முன்னாலேயே அங்கே போய் நிற்க வேண்டும். அதுதான் அவன் வேலை.

அவன் பந்தைப் பார்த்து ஓடவில்லை. அதை நான் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. மட்டையில் பந்து பட்டதும், அது எழும்புவதற்குள், இவன் திரும்பிப் பின்னால் ஓட ஆரம்பித்திருப்பான். பந்து அவனைத் தேடிவந்து கையுறையில் விழுகிற மாதிரி இருக்கும். எப்படிடா என்று கேட்டேன்.

"டிங்குன்னு மெலிசாக் கேட்டா தூரமாப் போகுமுங்ணா. டொக்குன்னு கேட்டா முன்னாடியே உழுந்துரும். நீங்க கண்ண மூடிட்டுக் கேட்டுப் பாருங்க."

கண்ணை மூடிக் கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். அணிக்குச் சட்டை இல்லை. கூட ஆடிய ஒரு பையனுடைய மாமா காதர்பேட்டை பனியன் சந்தையிலிருந்து ஏற்றுமதியில் கழித்துப்போட்ட பனியன் ஒரு கட்டு வாங்கிவந்தார். நல்ல துணி, நல்ல தையல். ஆனால் எல்லாவற்றின் முதுகிலும் ஏழு என்றே அச்சடித்திருந்தது. முதல் போட்டியில் நடுவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எல்லாருமே ஏழாம் நம்பருன்னா நான் யாருன்னுங்க எழுதறது?" அந்தச் சிரிப்போடு ஆடிய போட்டியில்தான் அவனை மாநில அணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பேர் வாசித்ததை அம்மாவிடம் சொன்னபோது, "கோப்பைய வெக்க ஊட்டுல எடம் எங்க சாமி இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அலமாரியில் கிடந்த பழைய டப்பாக்களை எல்லாம் ஒதுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பன்னிரண்டாவது முடிந்ததும் அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்தான். நூல் மேலே போய்த் துணியாகக் கீழே இறங்கும் வட்ட மெஷின்கள் நிறைந்த கூடம் அது. அதே கம்பெனியில் நான் துணி செக்கிங்கில் இருந்தேன். அவன் இரவு ஷிப்டு கேட்டு வாங்கினான். காலையில் மைதானத்துக்குப் போகலாம் என்று ஆசை.

நிட்டிங் கூடத்துச் சத்தம் உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். ஆனாலும் அங்கே யாரும் காதை அடைக்க மாட்டார்கள். அந்த இரைச்சலுக்குள் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் சின்னதாக ஒரு சொடுக்குக் கேட்கும். அதைக் கேட்டு உடனே நிறுத்தாவிட்டால் துணி நெடுக ஒரு கோடு விழுந்து, ரோல் முழுக்கக் கழிவில் போய்விடும். சேர்ந்த புதிதில் இவன் வேஸ்ட் பஞ்சைக் கொஞ்சம் உருட்டிக் காதில் வைத்தான். கூட வேலை பார்த்தவன் எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

"என்றா மாப்ள, காதுகுத்தா? தாய்மாமன் சீரு எப்ப வருது?"

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் வந்து பஞ்சை எடுத்துப் போட்டார். "காதுல பஞ்ச வெச்சுட்டு நிட்டிங் ஓட்டறதும், கண்ணக் கட்டிட்டு பஸ் ஓட்டறதும் ஒண்ணு கண்ணு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவரும் அப்படித்தான் பழகியவர். அதற்குப் பிறகு இவன் பஞ்சு வைக்கவில்லை. ஊசி உடைவதை எல்லாருக்கும் முன்னால் கேட்டான். பக்கத்து மெஷினில் உடைந்தால்கூட இவன்தான் போய் நிறுத்துவான். பிட்டருக்கு ஒரே பெருமை. "பாம்புக் காதுங்க இவனுக்கு" என்று முதலாளியிடம் சொல்லி, கூடுதலாக மெஷின் கொடுத்தார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் அப்படியே போயின. மாநில அணியில் அவனுக்கு நிலையான இடம் கிடைத்திருந்தது. அடுத்தது இந்திய அணி. அதற்கான தேர்வு சென்னையில் என்று தகவல் வந்தது. தேறினால் வெளிநாட்டுக்குப் போய் ஆடலாம். அதற்கு மேல் அவன் எதையும் கேட்டதில்லை.

அதற்குள் வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே வந்தது. குக்கர் விசில் அடித்தால் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், எழுந்து அணைக்க மாட்டான். "காதுல என்ன கண்ணு, சளியா?" என்று அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள். "ஆமாங்மா, சளிதான்" என்றான். நாங்களும் சளி என்றே நினைத்தோம்.

தேர்வுக்கு நானும் கூடப் போனேன். வேலியோரம் நின்று பார்த்தேன். பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் பந்தை மேலே அடித்துக் கொடுத்தார். இவன் முறை வந்தது. டிங் என்று கேட்டது. எனக்கே நன்றாகக் கேட்டது. இவன் நின்றுகொண்டிருந்தான். பந்து எழும்பி வெயிலுக்குள் போன பிறகுதான் திரும்பி ஓடினான். அது அவன் தலைக்கு மேலே போய் விழுந்தது. அடுத்த பந்துக்குப் பின்னால் ஓடினான். அது முன்னால் விழுந்தது.

"தம்பி, பந்து கிளம்பின பிறகு யோசிக்காதே! அடிக்கும்போதே ஓடு!" என்று பயிற்சியாளர் கத்தினார். இவன் தலையை ஆட்டினான். அவர் சொன்னது கேட்டுத்தான் ஆட்டினானா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சாயங்காலம் வாசித்த பேர்களில் அவன் பேர் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துவந்தான். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"அண்ணா, பேட்ல பட்டப்ப சத்தம் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுதே."

"எப்படிக் கேட்டுது?"

"எப்பவும் போலத்தான். டிங்குன்னு."

"எனக்குப் பந்து மேல போனது மட்டுந்தானுங்ணா தெரிஞ்சுது."

ஊருக்கு வந்து காது டாக்டரிடம் காட்டினோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்தார். கனத்த சத்தம் கேட்கிறது, மெலிசான சத்தம்தான் முதலில் போயிருக்கிறது, இது நரம்பு, திரும்ப வராது என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். அந்த இரைச்சல்தான் என்று சீட்டில் எழுதினார்.

அந்த வாரமே அவன் வேலைக்குப் போய்விட்டான். கம்பெனியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, நான் செக்கிங் மெஷினில் விளக்குக்கு மேலே துணியை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கோடு வந்தது. முடி மாதிரி மெலிசான கோடு. ரோல் முழுக்க ஓடியது. அவன் மெஷினில் இறங்கிய ரோல். அவன் கையிலிருந்து அப்படி ஒரு ரோல் அதுவரைக்கும் வந்ததே இல்லை.

பிட்டர் வந்து பார்த்தார். துணியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "இத அவன் உட்டானுங்களா?" என்றார். அப்போதுதான் சொன்னேன். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அவனை மெஷினிலிருந்து மாற்றி, அதே கூடத்தில் ரோல் தூக்குகிற வேலைக்குப் போட்டார். அந்தக் கழிவு ரோலில் ஒரு துண்டுதான் நம் வீட்டில் ரொம்ப நாள் தரை துடைக்கக் கிடந்தது.

ஒருநாள் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நின்றோம். அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வேறு வேலை பார்க்கலாம், அந்தக் கூடம் இனி வேண்டாம் என்றேன். இருக்கிற காதாவது மிஞ்சட்டும் என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான்.

"வெளிய வந்தா எனக்கு மட்டுந்தானுங்ணா கேக்கறதில்ல. உள்ள போயிட்டா எல்லாருமே செவுடுதான். கையைக் காட்டித்தான் பேசிக்கிறோம்."

இன்றைக்கும் அவன் அங்கேதான் இருக்கிறான். அன்றைக்கு டீக்கடையில் அவன் தலையிலும் காதோரத்திலும் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன்.