பழைய அட்டையில் ஆறு மாத்திரை

என் மனைவிக்குச் சர்க்கரை வந்த பிறகு, திருத்தணியில் எந்த மருந்துக் கடைக்காரரும் என்னைக் கண்டு முகம் மலர்ந்ததில்லை. தீர்ந்துபோன மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுக் கடை கடையாக விலை கேட்பேன். வாங்காமல் கிளம்புவேன். "மாத்திர வாங்க வந்தியா, சும்மா வெல கேட்டுகினு போக வந்தியா?" என்று பஸ் நிலையத்துக் கடைக்காரர் ஒருநாள் கத்தியே விட்டார். மானம் பார்த்தால் ஆட்டோக்காரன் வீட்டில் அடுப்பு எரியுமா?

அரக்கோணத்துக்குச் சவாரி போன இடத்தில், அதே மருந்து வேறு பெயரில் கால் விலைக்குக் கிடைத்தது. உள்ளே இருப்பது ஒரே மருந்துதான் என்று கடைக்காரப் பெண் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினாள். ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு, புதையல் எடுத்தவன் மாதிரி திரும்பினேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது? விலை குறைந்த மாத்திரை வெறும் மாவு என்பது என் மனைவியின் கட்சி. அதனால், "டாக்டர் புதுசா எழுதிக் குடுத்துகிறாரு, காலையில போட்டுக்கோ" என்று பொய் சொன்னேன்.

"ஆங், சரிங்க" என்று வாங்கி டப்பாவில் வைத்தாள்.

வீட்டில் இருந்த பழைய அட்டையில் பதினோரு மாத்திரைகள் மிச்சம் இருந்தன. அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஆறிப்போன காபியைக்கூடக் கீழே ஊற்றாதவள் அவள். டாக்டர் கூடுதலாக ஒன்று கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, தினமும் இரண்டையும் விழுங்கியிருக்கிறாள்.

"கை நடுங்குதுங்க, வேர்த்துகினே இருக்குது" என்றாள் மூன்றாம் நாள். வெயில் என்றேன்.

ஐந்தாம் நாள் கிருத்திகை. வழக்கம்போல் விரதம். மலைக்குச் சவாரி மேல் சவாரி. பகலில் வீட்டுக்கு வந்தால், சமையல்கட்டில் வியர்வையில் நனைந்து நினைவில்லாமல் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைத் திறந்து இரண்டு அட்டைகளையும் பார்த்தார். "சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. ரெண்டும் ஒரே மருந்துதானே, எதுக்குச் சேர்த்துக் குடுத்தீங்க?" என்றார். பழைய அட்டையில் ஆறுதான் இருந்தது. நாலு நாள் கழித்து, கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

விரதம் இருந்ததால் வந்த வினை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அது என் இரண்டாவது பொய். இதோடு எப்படி உயிர் வாழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தன் மாமியாரின் மருந்துச் சீட்டோடு வந்தாள். "அண்ணா, உங்களுக்குத்தான் எல்லா கட வெலையும் தெரியும். எங்க வாங்கலாம்?"

"அரக்கோணத்துல வாங்கும்மா. நல்ல மாத்திரதான்" என்றேன். "என்னா வெலைக்கு வாங்கினேன்னு வீட்ல சொல்லிட்டுக் குடு."