ஒரே ஒரு மரம்

என் மனைவியின் அண்ணன் கோத்தகிரியில் இருக்கிறார். டிசம்பர் காலைகளில் அவர் வீட்டுப் புல்வெளியில் உறைபனி கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் கண்ணாடியால் ஓர் அறை கட்டியிருக்கிறார். உள்ளே இரவு பகலாக மூன்று ஹீட்டர்கள். கதவைத் திறந்தால் போர்ட் பிளேரின் மே மாதம் முகத்தில் அறையும். எந்தப் புழுக்கத்திலிருந்து தப்பிக்க நான் விடுமுறை எடுத்து அங்கே போவேனோ, அதையே அவர் காசு கொடுத்துக் காய்ச்சி வைத்திருந்தார். வெப்பநாட்டுச் செடி வளர்க்கும் மலையூர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஒரு செடி தன்னிடம் இருப்பதைவிட, அது இன்னொருவனிடம் இல்லை என்பதே அங்கே பெரிய பெருமை.

அந்தக் குழுவுக்குத் தீனி போட்டவன் நான். நான் போர்ட் பிளேரில் பத்திரிகைக்காரன்; அந்தமானின் வடக்கே ரங்கத் பக்கம் செய்திக்காகப் போகும்போதெல்லாம், சாலையோரப் பாக்குத் தோட்டத்து வீடு ஒன்றில் டீ குடிப்பது வழக்கம். தோட்டக்காரரின் மனைவி ராமநாதபுரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒருமுறை, அவர்கள் வீட்டுப் பலாமரத்தின் கிளையில் ஒட்டி வளர்ந்த ஆர்க்கிட் கொத்து முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: 'ஒரே ஒரு மரத்தில்தான் இருக்கிறது.' பேருந்தில் தூங்கிக்கொண்டே வந்தவன், பக்கத்து மரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் அதை எழுதினேன்.

ஜனவரியில் மச்சான் விமானம் ஏறி வந்துவிட்டார். நானே அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"பூரா எடுத்துறாதீங்க, பாதிய விட்ருங்க" என்றார் தோட்டக்காரரின் மனைவி. "வருஷத்துல நாலஞ்சு தடவதான் பூக்கும். திடீர்னு மழ பெஞ்சு குளுந்துச்சுன்னா, ஒம்பதாம் நாள் பூக்கும். அதுவும் ஒரே நாளு. அன்னிக்கி மட்டுந்தான் இந்த வீட்ல பாக்குத்தோல் அழுகுற நாத்தம் தெரியாது."

"பாதி போதும்மா" என்றார் மச்சான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொன்னா டீக் ஹை, சரிதான்."

"நான் பொறுப்பு" என்றேன்.

அவர் டீ போட உள்ளே போனார். மச்சான் ஏணியில் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன். சமையல் கத்தியால் வேரோடு பெயர்த்து, ஈரத் துண்டில் சுற்றினார். நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதி முடிந்தது. கத்தி நிற்கவில்லை. எறும்புக் கூடும் மரவட்டைகளும் என் தலையில் கொட்டின.

"மச்சான், பாதின்னுதானே சொன்னோம்?"

"ஏணியப் பிடிங்க மாப்ள, ஆடுது."

மீதிக் கொத்தைப் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் சாக்கடையில் போட்டார். இறங்கி வந்து செருப்புக் காலால் மிதித்தார். சாறு பிதுங்கும்வரை, ஒவ்வொரு தண்டாக மிதித்தார்.

"எங்க குரூப்ல குன்னூர்க்காரன் ஒருத்தன் இருக்கான். மோப்பம் பிடிச்சு நாளைக்கே வந்து நிப்பான். அவனுக்கு எதுக்கு விட்டு வைக்கணும்?"

நான் இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் யாரும் இல்லை.

அந்தப் பெண் டம்ளர்களோடு வந்தார். கிளையைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். "டீ ஆறுது" என்றார். மச்சான் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். அந்தப் பெண் குடிநீர்க் குடத்திலிருந்தே மொண்டு ஊற்றினார்.

கோத்தகிரியிலிருந்து முதலில் படங்கள் வந்தன, பிறகு வாழ்த்துகள், பிறகு புலம்பல். "இலை நல்லா விடுது மாப்ள, பூக்கத்தான் மாட்டேங்குது. ஒரு டிகிரிகூடக் குறையாமப் பாத்துக்கறேன்."

மே கடைசியில் முதல் மழை கொட்டியது. ஒன்பதாம் நாள் ரங்கத் பேருந்தில் ஏறினேன். இந்த முறை தூங்கவில்லை. ரங்கத்தை நெருங்க நெருங்கச் சாலையின் இரு பக்கமும் வெள்ளை. மாமரத்தில், வாகை மரத்தில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த பட்டுப்போன மரத்தில்கூட அதே பூ. எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு விட்டுவிட்டேன். வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஜன்னலை மூடினேன்.

பலாமரம் மட்டும் மொட்டையாக நின்றது. கிளையில் கத்திக் கீறல்கள் கறுத்திருந்தன. பாக்குத்தோல் குவியல் நாறியது.

அந்தப் பெண் வேலிக்கு உள்ளேயே நின்றார்.

"ரோடு பூரா இருக்கு" என்றேன்.

"இருக்கும். நான் எப்பண்ணே இல்லேன்னேன்? என் மரத்துல இல்ல, அவ்வளவுதான்."

"கொத்து ஒண்ணு கொண்டுவந்து கட்டிவிடட்டுமா?"

"ஏணி புடிக்க வந்தவங்களுக்கு அந்த வேல எதுக்கு?" பிறகு அவரே கேட்டார். "அங்க பூத்துச்சா?"

"இல்லை. ஹீட்டர் போட்டுச் சூடு குறையாம வச்சிருக்கார்."

சிரித்துவிட்டார். "குளுராம எங்கிட்டுப் பூக்கும்? அவுக ஊர்லதான் குளுரு கொட்டிக் கெடக்கே! கதவத் தெறந்து வச்சாப் போதுமே."

"அவர்கிட்டச் சொல்லிரவா?"

"சொல்லாதீங்க. பூத்துருச்சுன்னா அடுத்த மரத்துக்கு வருவாக. நீங்களும் ஏணியத் தூக்கிக்கிட்டு வருவீங்க."

அரைமணி நேரம் அந்த வேலிக்கு வெளியே நின்றேன். டீ குடிக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை.