பத்தாம் தளத்தைத் தாண்டாத அழகுராஜா

பழங்காநத்தத்தில் என் ஜெராக்ஸ் கடையை ஒட்டித்தான் அழகுராஜா வீடியோ கேம் சென்டர் வைத்திருந்தான். இரண்டாயிரம் பிறந்த கையோடு திறந்த கடை. மூன்று டி.வி., சுவரில் ஒரு மல்யுத்தக்காரன் படம். சாயங்காலமானால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்து கார் ஓட்டுவார்கள், ஒருவனை ஒருவன் தூக்கிப் போட்டு மிதிப்பார்கள். கடைக்காரன் மட்டும் மூலையில் இருந்த டி.வி.யில் வேறொன்று ஆடிக்கொண்டிருப்பான். அதை ஆட்டம் என்று சொல்லவே எனக்கு வாய் வராது. அத்தனை மந்தம்.

ஒரு வீரன் பாதாளக் கோட்டைக்குள் தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். வழியெல்லாம் பூதங்கள். அடித்து அடக்கினால் சில பூதங்கள் நம் பக்கம் சேர்ந்து, நமக்காகச் சண்டை போடும். கீழே போகப் போகத்தான் நல்ல பூதங்கள் கிடைக்கும். ஆனால் வழியில் செத்தால் அந்த இறக்கத்தில் சேர்த்த அத்தனையும் போச்சு. இதில் ஒரு விசேஷம், நாம் ஓர் அடி வைத்தால்தான் பூதமும் ஓர் அடி வைக்கும். நாம் நின்றால் அதுவும் நிற்கும்.

அழகுராஜாவுக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனதே அதனால்தான். பூதம் வாயைப் பிளந்துகொண்டு எதிரே நிற்கும்போது இவன் பாட்டுக்கு எழுந்து போய் டீ குடிப்பான், வடை தின்பான், என் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். கேட்டால், "அது எங்கண்ணே போயிரப் போகுது?" என்பான். பத்தாம் தளம் வந்ததும் கிடைத்ததைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அங்கே வெளியேறுவதற்கென்று இருக்கும் ஏணியில் மேலே ஏறிவிடுவான். அதற்குக் கீழே அவன் ஒருநாளும் இறங்கியதில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். லாரி ஓட்டிய அப்பா சின்ன வயதிலேயே போய்விட, அம்மா ஒச்சாயி அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து ஆளாக்கினார். கடைக்கு மேலேயே வீடு. நல்லவன், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டான். ஆனால் தீபாவளிச் சட்டையைக் கார்த்திகையில் எடுக்கிற ரகம். எந்தக் கடையில் எடுப்பது என்ற யோசனையிலேயே தீபாவளி போய்விடும்.

அவனுடைய தாய்மாமன் காசிமாயனின் மகள் சத்யப்ரியா மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். சனிக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டுக்கு வருவாள். மாடிக்குப் போகுமுன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மூலை டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பூதங்களுக்கெல்லாம் பெயர் வைத்தது அவள்தான். வயிறு பெருத்த தவளைப் பூதத்துக்குத் தன் அப்பா பெயரையே வைத்தாள். அழகுராஜா ஏணியைப் பார்த்ததும் மேலே ஏறப் பார்ப்பான், அவள் விடமாட்டாள்.

"இறங்கு மச்சான். செத்தா செத்துட்டுப் போறோம்."

"சேத்ததெல்லாம் போயிரும் புள்ள."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அவனுக்கு அவள் மேல் உயிர், அவளுக்கும் அப்படித்தான். தெருவில் போகிற நாய்க்குக்கூட அது தெரியும்.

அவர்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால் முதலில் முறைப்பையனிடம் வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்க வேண்டும். அவன் கட்டிக்கொள்கிறேன் என்றால் பெண் அவனுக்கு. வேண்டாம் என்றால் வெற்றிலையை எடுத்துக்கொண்டு வழிவிட வேண்டும். அவன் ஒன்றும் சொல்லாதவரை பெண் வீட்டார் வேறு இடத்தில் கை நனைக்கமாட்டார்கள்.

தேனியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வந்தபோது காசிமாயன் தட்டோடு வந்தார். அழகுராஜா வாயைத் திறந்து சரி என்று சொல்லியிருக்க வேண்டியதுதான். சொல்லவில்லை. இன்னும் இரண்டு டி.வி. போட்டு, கடையைப் பெரிதாக்கி, தலை நிமிர்ந்து பெண் கேட்டுப் போக வேண்டும் என்று அவனுக்குள் ஒரு கணக்கு. ஆடி கழியட்டும் மாமா என்றான். அவரும் நம்பிப் போனார். ஆவணியில் வந்தபோது புரட்டாசி கழியட்டும் என்றான். பிறகு தீபாவளி என்றான், அப்புறம் மார்கழி வந்துவிட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஏண்டா அந்த மனுஷனை இப்படி அலையவிடுகிறாய் என்று திட்டினேன். "நான் சொல்லாம அவங்க ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே" என்றான். அதை அவன் திமிராகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னான்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை சத்யப்ரியா வந்தாள். எனக்கும் வேலை இல்லாததால் அங்கேதான் இருந்தேன். படிப்பு முடிந்து வெகுநாளாகியிருந்தது, அவனைப் பார்க்கவென்றே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அன்றைக்கு ஸ்டூலை இழுக்கவில்லை, நின்றபடியே பேசினாள்.

"இத்தன நாளும் அப்பா ஒன்னையத்தான் கேட்டாரு. நேத்து மொத மொதலா என்னையக் கேட்டாரு, தேனிக்குச் சம்மதமான்னு. ஒன்ட்டப் பேசிட்டு வந்து சொல்றேன்னு வந்திருக்கேன். நான் என்ன சொல்லட்டும் மச்சான்?"

அவன் கையில் ரிமோட் மாதிரி அந்த ஆட்டப் பெட்டியின் பிடி இருந்தது. திரையில் ஏதோ ஒரு பூதம் நின்றுகொண்டிருந்தது. அவன் அவளையும் பார்த்தான், திரையையும் பார்த்தான். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று கை பரபரத்தது.

"தை பொறக்கட்டும் புள்ள. நானே வந்து மாமாகிட்டப் பேசுறேன்."

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி மச்சான், வாரேன்" என்றாள். மாடிக்குப் போய் அத்தையிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். தை வரை காத்திருக்க அவள் சம்மதித்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

தை பிறந்ததும் காசிமாயன் வெற்றிலைத் தட்டோடு வந்தார். ஒச்சாயி என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். மாமா உட்காரவில்லை.

"பிள்ள தேனிக்கே குடுக்கச் சொல்லிருச்சு மாப்ள. நீ வெத்தலய எடுத்துக்கிட்டா நாள் குறிச்சிருவேன்."

அழகுராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்குக் குடுங்க மாமா, நான் கட்டிக்கிறேன்" என்றான்.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தானய்யா நடையா நடந்தேன். இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அன்னைக்கு அதுகிட்டச் சொல்லியிருந்தா, அதுவே என் கையப் பிடிச்சு இங்க இழுத்துட்டு வந்திருக்கும். வீட்டுக்கு வந்து அம்புட்டு அழுதுச்சு."

உள்ளே ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வழக்கப்படி பார்த்தால், கட்டிக்கிறேன் என்று சொன்னதையே பிடித்துக்கொண்டு அவன் வெற்றிலையைத் தொடாமலே இருந்திருக்கலாம். தொடாதவரை அந்தக் கல்யாணம் நடக்காது. மாமாவும் மீற மாட்டார், தட்டை நீட்டியபடியே நின்றிருப்பார். அது எங்கள் எல்லாருக்குமே தெரிந்திருந்தது.

இந்தத் தடவை அவன் தவணை கேட்கவில்லை. உடனே வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "நல்லபடியா முடிங்க மாமா" என்றான்.