எந்தத் தேதியை நம்புவது

கடையில் அவளுக்கு ஸ்டிக்கர் அக்கா என்று பெயர். அந்தப் பெரிய கடையின் இறைச்சிப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். கோழிக்கறியை எடை போட்டு, தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, விலையும் தேதியும் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டுவாள். அவள் ஒட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது.

கடைசி மூன்று வருடம் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. புதிதாக வந்த மேனேஜர், விற்காமல் தங்கிப்போன பாக்கெட்டுகளின் மேல் புதுத் தேதியை ஒட்டச் சொன்னார். ரெண்டு நாளில் என்ன கெட்டுப்போய்விடும் என்றார். ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடினால் ஸ்டிக்கர் மெஷினின் 'டிக் டிக்' சத்தம்தான் காதில் கேட்கும். திங்கட்கிழமை மறுபடியும் ஒட்டுவாள்.

எதிர்வீட்டுக்காரியின் ஐந்து வயது மகள் அந்தக் கறியைச் சாப்பிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கை ஓய்ந்தது. இனி என்னால் முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஆள் வந்தது. மேனேஜர் கொஞ்சமும் கூசாமல், தனக்குத் தெரியாமல் இவளாகவே ஒட்டியதாகச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று மதியமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசத் தெரியாதவர். "விடு, கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார்.

"அவரு பாக்கட்டும். நானும் என் பங்குக்குக் கொஞ்சம் பாக்கறேன்."

அக்கம்பக்கத்தில், ஒட்ட மாட்டேன் என்றதற்காக வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லை, பாதி. எதிர்வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை இவளுக்கு முள்ளாகத் தைத்தது. ஆனாலும் மீதிப் பாதி வாயில் வரவில்லை.

சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்தியவர் போதகரம்மா. விசுவாசிகள் காசைக் கையிலெடுக்கும்போதும் கடவுள் பார்க்கிறார், ஏமாற்றி விற்கிறவனிடம் தெரிந்தே வாங்குவது அந்த ஏமாற்றில் பங்கு வாங்குவதுதான் என்று அந்த மாதம் பேசினார். கடை விவரம் தெரிந்தவள் என்பதால் இவளையும் பேசச் சொன்னார். இவள் பேசவில்லை. ஒரு கறிப் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் மெல்ல உரித்தாள். கீழே இன்னொரு ஸ்டிக்கர், நான்கு நாள் முந்தைய தேதி. இவள் போன பிறகும் மேனேஜர் வேறு ஆளை வைத்து ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது பெண்கள் கூடையோடு கடைக்குப் போனார்கள். கத்தக் கூடாது, ஒருத்தரையும் திட்டக் கூடாது என்று போதகரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அது இவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. பாக்கெட்டை உரித்து, கவுண்டரில் வைத்து, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"சார், இதுல எந்தத் தேதிய நாங்க நம்பணும்?"

அவர் சிரித்து மழுப்புவார், பாக்கெட்டை மாற்றித் தருவார். அடுத்தவள் வந்து அதையே கேட்பாள். வாராவாரம் இதே கதை. மற்ற வாடிக்கையாளர்களும் நின்று உரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மேனேஜரின் கழுத்து சிவப்பதைப் பார்ப்பதற்காகவே அவள் சனிக்கிழமைக்குக் காத்திருந்தாள். அந்த ஆள் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும் என்று ஜெபமே செய்தாள். தப்பான ஜெபம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

பதினோராவது வாரம் அவருக்குப் பொறுமை போயிற்று. கூட்டத்தின் நடுவில் அவளை நோக்கி விரலை நீட்டினார்.

"இவ்வளவு யோக்கியம் பேசறாங்களே, மூணு வருஷமா இத ஒட்டினது யாருன்னு கேளுங்க. இவங்கதான்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரியும் கூட்டத்தில் இருந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள்.

"ஆமா, நான்தான் ஒட்டினேன்" என்றாள். "ஒட்டச் சொன்னது நீங்க. தெரியாதுன்னு அன்னைக்கி மேலிடத்துல சொன்னீங்க. மூணு வருஷம்னு இப்ப உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மேனேஜர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி கூடையைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

அந்தப் படம் தலைமை அலுவலகம்வரை போய், செவ்வாய்க்கிழமை மேனேஜரை நீக்கிவிட்டார்கள். அந்தச் செய்தி கேட்டு அவள் கடைக்கு எதிரேயிருந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். கார் கதவைத் திறக்க முடியாமல் பெட்டியை முழங்காலில் தாங்கிக்கொண்டு தடுமாறினார். உள்ளேயிருந்து ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. அவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய், நடையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கடைசிவரை கேட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். ஐந்து மாதம் பேச்சில்லை. ஒருநாள், இப்போது எல்லாரும் வாங்குகிற சின்னக் கறிக்கடையில் வரிசையில் இவளுக்கு முன்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி பாதி திரும்பி, "இது இன்னைக்கி வெட்டினதாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இவள். அவள் வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

மேனேஜருக்கு ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டாள். அந்தக் கிடங்கிலிருந்து எந்தெந்தக் கடைக்குச் சரக்குப் போகிறது என்று விசாரித்து, அந்தக் கடைகளில் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை. அங்கே ஸ்டிக்கர் விவகாரம் ஒன்றும் இல்லையே, இது மனசாட்சியா, வன்மமா என்று போதகரம்மா நேராகவே கேட்டார்.

"பிரிச்சுப் பாக்கத் தெரியலம்மா. கடைக்குக் கெளம்பினா ரெண்டும் சேந்துதான் எங்கூட வருது."