பெட்டி வாசம்

தலவாக்கலை பஸ் நிலையத்தில் இறங்குபவர்களுக்கு என் மதினியின் கடைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மழை ஈரமும் டீசல் புகையும் ரொட்டிக் கல்லின் எண்ணெய் வாடையும் கலந்து கிடக்கும் அந்தத் தெருவில், ஓரிடத்தில் திடீரென்று மல்லிகையும் எலுமிச்சையும் எதிரே வந்து நிற்கும். அங்கே திரும்பினால், ஒரு புத்தகக் கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவே, இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நனைய வேண்டிய அளவில், அவருடைய சென்ட் கடை.

மதினி என் அண்ணனின் மனைவி. வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனவர், பிறகு அங்கேயே ஒரு வாசனைத் திரவியக் கடையில் போத்தல் நிரப்பும் வேலைக்கு மாறினார். தம் மகள் பெரியவளான சடங்கை அவர் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். மாமன் வீட்டார் தட்டுகளோடு வரும்போது இணைப்பு அறுந்துபோனதாம். அதன் பிறகு அங்கே இருக்க மனம் ஒப்பவில்லை; கையிலிருந்ததைக் கொண்டுவந்து இந்தக் கடையைத் திறந்தார். ஆனால் தாம் வந்திறங்கிய பெரிய சிவப்புப் பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அலுமாரியின் மேலே ஏற்றிவைத்தார். பரணில் போட்டுவிடலாமே என்று அண்ணன் சொன்னதற்கு, “இருக்கட்டுங்க. கடை ஓடலன்னா திரும்பப் போறதுக்கு அதுதானே வேணும்” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட உட்காரும் எவருக்கும் அந்தப் பெட்டி கண்ணில் படாமல் இருந்ததில்லை.

கடை ஓடியது. மதினி கொழும்பிலிருந்து வாசனை எண்ணெய்கள் எடுத்து, வளைகுடாவில் கற்ற கைப்பழக்கத்தில் கலந்து, உருட்டிப் பூசும் சிறு போத்தல்களில் அடைத்து விற்றார். உலகின் பெரிய கம்பெனிகள் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து விற்கும் வாசனைகளின் சாயல் அவற்றில் இருந்தது. கொழுந்து பறித்த கையோடு, கழுத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் பெண்களுக்கு அந்தச் சாயல் போதுமானது. கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்பும் இளைஞர்களோ, அசலை அன்றாடம் எடுத்து விற்பவர்கள். அவர்களும் இங்கே வந்து நகலை வாங்கினார்கள். போத்தல்களில் அந்தக் கம்பெனிகளின் பெயர்களையே அச்சடித்து ஒட்டியிருந்தார் மதினி. அதில் தவறிருப்பதாக எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

ஹட்டனில் ஒரு கடைக்குள் அதிகாரிகள் புகுந்து, போலிப் பெயரிட்ட பொருட்களை அள்ளிச் சென்றதாக ஒரு செய்தி வந்தபோதுதான் தோன்றியது. நான் சட்டம் படித்துப் பட்டம் பெற்றிருந்தேன். இன்னும் நீதிமன்றப் படியேறவில்லை. ஆனாலும் மதினிக்கு நான் அப்போதே வக்கீலம்மாதான். மதிய நேரத்தில் கடைக்கு வரச் சொன்னார். போனபோது கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, போத்தல்களை ஒரு துணியால் மூடியிருந்தார்.

“வக்கீலம்மா, நேரா சொல்லுங்க. நான் பெட்டிய இறக்கணுமா, வேணாமா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய்ப் பழைய பாடக் குறிப்புகளையும் சட்ட நூல்களையும் திறந்தேன். கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், உலகத்து நீதிமன்றங்களே அதில் திணறியிருந்தன. ஐரோப்பாவில் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், ஓவியம்போல நறுமணமும் ஒரு படைப்பே என்று ஏற்றிருந்தது. இன்னொரு ஐரோப்பிய நாட்டு நீதிமன்றம், அது ஒரு கைத்திறன் மட்டுமே என்று மறுத்திருந்தது. நம் நாட்டுச் சட்டம் வணிகக் குறி என்று ஏற்பது கண்ணுக்குப் புலப்படும் அடையாளத்தை. வாசத்தைக் கண்ணால் காண முடியாது. பெயர் ஒருவருக்குச் சொந்தமாகலாம், போத்தலின் வடிவம் சொந்தமாகலாம், அட்டைப் பெட்டியின் படம் சொந்தமாகலாம். செய்முறையைப் பூட்டி இரகசியமாக வைத்துக்கொள்ளலாம். காற்றில் இறங்கிவிட்ட வாசத்தை இன்னொருவர் தம் மூக்கால் முகர்ந்து, தம் கையால் கலந்தால், அதைத் தடுக்க இங்கே வழியில்லை.

சட்டம் அனுமதிப்பதனால் மட்டும் ஒரு செயல் நியாயமாகிவிடுமா என்றும் யோசித்தேன். எங்கோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் முகர்ந்து முகர்ந்து கண்டடைந்ததை நாம் இங்கே எளிதாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த அசல் போத்தலை வாங்கக்கூடிய ஒருவர்கூட மதினியின் கடைக்கு வரவில்லை. அந்தக் கம்பெனிகளிடமிருந்து இவர் எந்த வாடிக்கையாளரையும் பறிக்கவில்லை. பறித்தது பெயரை மட்டுமே. வாங்குபவரை ஏமாற்றும் சாத்தியமும் அந்தப் பெயரில்தான் இருந்தது. ஆகவே மறுநாள் கடைக்குப் போய் என் முடிவைச் சொன்னேன்: வாசம் இருக்கலாம், பெயர் போக வேண்டும். ‘இன்னதைப் போல’ என்ற சொல்கூட வேண்டாம்.

மதினி முகம் சுளித்தார். “பேரில்லாம எப்படி விக்கிறது? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ண அடுப்படியிலயே வச்சுகிட்டு சம்மதமான்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு.”

ஆனாலும் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் வெந்நீரில் போத்தல்களை ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து, உலகப் புகழ் பெற்ற பெயர்களை நகத்தால் சுரண்டினோம். அண்ணன் மகள் பாட்டுப் போட்டுவிட்டுத் துடைத்தாள். புதுப் பெயர்களை மதினி நினைத்த நேரத்தில் உதிர்த்தார். நெடி தூக்கலான ஒன்று ‘மாப்பிள்ளைத் தோழன்’ ஆயிற்று. மெல்லிய பவுடர் மணம் கொண்டது ‘புது டீச்சர்’. கொஞ்ச நேரத்தில் மறைந்துபோகும் ஒன்றுக்கு ‘வட்டகொடை வெயில்’ என்று பெயரிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மழையே ஓயாத அந்தப் பக்கத்து ஊர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெயர் போன பிறகு வாங்குபவர்கள் எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஐந்தாறு முகர்ந்ததும் மூக்கு மரத்துப்போகும். வளைகுடாக் கடையில் அதற்கு ஒரு கிண்ணத்தில் காப்பிக் கொட்டை வைத்திருப்பார்களாம். அதை ஒரு தடவை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று நம்பிக்கை. எங்கள் வீட்டில் காப்பிக் கொட்டை ஏது? மதினி தேயிலை வைத்தார். அண்ணனுக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில். அங்கிருந்து கிடைத்த நல்ல தேயிலையை ஒரு கிண்ணம் நிறைய வைத்தார். துளி தொட்டுக் கொடுத்த காகிதத் துண்டுகளை, வந்தவர்கள் முகர்ந்து முடித்ததும் அந்தத் தேயிலையிலேயே ஊதுபத்தி மாதிரி குத்திவிட்டுப் போனார்கள். சாயங்காலம் கடை அடைக்கும்போது, தேயிலையைக் கொட்ட மனம் வராமல், மதினி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் டின்னில் திரும்பப் போட்டுவைத்தார்.

தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். குளிக்கும் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் தேயிலை டின்னை வைத்தால் வீட்டில் ஏச்சு விழும். அண்ணன் வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு ஸ்டோருக்குள் நுழையவே கூடாது. ஆனால் தேயிலையை வீணாக்கக் கூடாது என்பது அதைவிடப் பழைய பழக்கம். மறுநாள் காலையில் அண்ணன் முதல் மிடறை வாயில் வைத்துக்கொண்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக விழுங்கினார்.

“டீ ஊத்தினியா, இல்ல கல்யாண வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் குளிச்ச தண்ணிய எடுத்தாந்தியா?”

மகள் சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. டின்னைத் திறந்து முகர்ந்துகொண்டே நின்றார். குடிக்கத் தகாத அந்தத் தேயிலையையும் அவர் எறியவில்லை. ஒரு துணியில் முடிந்து, சேலை அலுமாரிக்குள் போட்டுவைத்தார்.

வட்டகொடையில் ஒரு கல்யாணத்துக்கு நான் அவருடைய பட்டுச் சேலையைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டு போனேன். பந்தியில் என் பக்கத்திலிருந்த பெண்கள் இலையைப் பார்க்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து முகர்ந்தார்கள். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியின் பச்சை மணம் முதலில், அதற்குள்ளே ரோஜா, அதற்கும் உள்ளே என்னவென்று சொல்ல முடியாத ஓர் இதம். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். இத்தனை நகல்கள் ஒன்றுகூடி, எவருக்கும் நகலல்லாத ஒன்றாகியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

நான் வந்து சொன்னதும், மதினி பக்கத்துத் தையல் கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளில் சிறு பைகள் தைத்தார். தேயிலையையும், முகர்ந்து முடித்த காகிதத் துண்டுகளையும், தாம் தேர்ந்த சில துளிகளையும் காற்றுப் புகாமல் பூட்டிவைக்க ஓரிடம் வேண்டியிருந்தது. அலுமாரியின் மேலிருந்து சிவப்புப் பெட்டியை இறக்கினார். திரும்பப் போகத்தான் இறக்குகிறார் என்று அண்ணன் எழுந்தேவிட்டார். அவர் அதைத் திறந்து, உள்ளே கிடந்த, வளைகுடாவில் உடுத்திய பழைய அங்கியை எடுத்து வெளியே போட்டுவிட்டு, தேயிலையைப் பரப்பினார். சேலைக்கும் தலையணைக்கும் பள்ளிப் பைக்குமாக அந்தப் பைகள் விற்றன. அதற்குப் ‘பெட்டி வாசம்’ என்ற பெயரை அவர் இடவில்லை, வாங்கியவர்களே இட்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் எதிர்த்தாற்போலுள்ள ஃபேன்சிக் கடையிலும் தேயிலைப் பைகள் தொங்கின. அதே அளவு, அதே முடிச்சு, ஏறக்குறைய அதே வாசம். பெயர் மட்டும் வேறு. மதினி ஒன்றை வாங்கிக்கொண்டு, எங்கள் கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் நேராக வந்தார்.

“இவன என்ன பண்ணலாம்?”

“ஒன்னும் பண்ண முடியாது மதினி. வாசத்த யாரும் பூட்ட முடியாது. அன்னைக்கு உங்களக் காப்பாத்துன அதே சட்டந்தான்.”

அவர் உட்கார்ந்து அந்தப் பையைக் கையில் உருட்டினார். எனக்குச் சிவப்புப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். பிறருக்குப் பாதகமானபோது நான் இலகுவாக எடுத்துச் சொன்ன ஒரு விதி, எங்கள் வீட்டுக்கே பாதகமாகத் திரும்பியபோது எவ்வளவு கனக்கிறது என்று பார்த்தேன். ஆயினும் அந்த விதி தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசம் ஒருவருக்கே சொந்தம் என்று ஆகியிருந்தால் மதினியின் கடையே திறந்திருக்காது. பெயரையும், பையில் போடும் சிவப்புப் பெட்டிப் படத்தையும் பதியலாம், அவை உங்களுக்கே சொந்தமாகும் என்றேன். தலையசைத்தார். பிறகு எழுந்து தெருவைக் கடந்தார். சண்டை வரப்போகிறதென்று நானும் பின்னால் ஓடினேன்.

ஃபேன்சிக் கடைக்காரர் இளைஞர். மதினியைக் கண்டதும் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நின்றார்.

“தம்பி, வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் என்னப் பிடிக்க வருவான்னு பயந்துகிட்டிருந்தேன். கடைசில நீதான் வந்திருக்க” என்றார் மதினி. கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்க அக்கா என்றார்.

மதினி உட்காரவில்லை. பையைப் பிரித்துத் தேயிலையை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். தூளாக இருந்தது, ஈரமும் இருந்தது. இந்தப் பனியில் இது பூஞ்சணம் பிடிக்கும், ஒரு வீட்டில் பட்டுச் சேலை கெட்டால் ஊர் இரண்டு கடைகளையும் சேர்த்துத்தான் பேசும் என்றார். தூள் வேண்டாம், இலைத் தேயிலை வாங்கு, முதலில் நன்றாகக் காயவை. அவ்வளவுதான் சொன்னார். வாசம் ஊறும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “என்ன பாக்குறீங்க வக்கீலம்மா? எல்லாத்தையும் சொல்லிக் குடுக்க நான் என்ன கோயில் கட்டியா வச்சிருக்கேன்?”

அந்தத் தீபாவளிக்குத் தெருவே முகர்ந்தது. இங்கே ஒன்றை முகர்ந்துவிட்டு அங்கே ஓடி, அங்கே ஒன்றை முகர்ந்துவிட்டு இங்கே வந்து, குடையும் பையுமாகச் சனம் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டேயிருந்தது. ஹட்டன் பஸ் ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தவர், கடைசியில் தாமும் இறங்கி ஒரு பை வாங்கிக்கொண்டு போனார். சிலருக்கு அந்தக் கடைப் பையே பிடித்திருந்தது. பெரும்பாலோர் எங்களிடம் திரும்பி வந்தார்கள். மதினியின் பைகள் முதல் தடவையாக நண்பகலுக்குள் தீர்ந்தன.

பெயரைப் பதியும் விண்ணப்பம் கொழும்பில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் அண்ணன் மகளின் பள்ளியில் யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா அறிவித்தார்கள். அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே சிவப்புப் பெட்டியைக் கேட்டாள். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதுல சரக்கு கிடக்கு. நீ பையில கொண்டு போ.”

அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு, இன்னொரு ரொட்டி போடச் சொன்னார்.